நந்தா தந்த எட்டு மணி நேரம்

போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் பஸ் முந்தலை அடைந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தொட்டுக் கேரளத்துக்குப் போகிறது. மற்றொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து குரங்கணிக்குப் போகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒடுங்கிய சாலை. எதிரே ஜீப் வந்துவிட்டால், இருவரில் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும்!

போடியில் ஒரு கூட்டம் பேசி முடித்து, மறுநாள் மாலை குரங்கணித் தோழர்களைக் காண அந்த வழியில் நாம் சென்றோம். வண்டி நிறையக் கூட்டம். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள், அரிசி மூட்டையோடு மலைக்குடிக்குப் போகிறவர்கள், பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்ட சிறுவன். அத்தனை உயிரும் ஒரு மனிதனுடைய இரண்டு கைகளில்! அவன் கண் ஒரு கணம் அயர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த வண்டியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமல் இருக்க முடிகிறதே, அதுதான் அந்த ஓட்டுநருக்கு நாட்டு மக்கள் தருகிற நற்சான்று.

குரங்கணி வந்தது. பயணிகள் இறங்கினர்; ஓட்டுநர் இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இறங்கி, நான்கு பக்கமும் சுற்றிவந்து டயர்களைத் தட்டிப் பார்த்தார். கண்டக்டர் பின் இருக்கையில் அமர்ந்து சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். தேநீர்க் கடையில் அவர்கள் வந்து அமர்ந்தபோது நாம் கேட்டோம், இந்தத் துடைப்பதும் தட்டுவதும் எண்ணுவதும் வேலை நேரக் கணக்கில் சேருமா என்று. ஓட்டுநர் சிரித்தார். சட்டத்தில் சேரும், சீட்டில் சேர்ந்தால்தான் உண்டு என்று சொன்னார். பனி இறங்கி வண்டி தாமதமானால் அந்தத் தாமதம் தமது ஓய்விலிருந்துதான் கழியும் என்றார். குடித்துவிட்டு ஏறிய ஒருவன் சட்டையைப் பிடித்து அடித்த கதையையும், மறுநாள் காலை அதே சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த கதையையும் சொன்னார்.

சட்டத்தில் சேரும் என்று அந்த ஓட்டுநர் சொன்னாரே, எந்தச் சட்டத்தில்? அந்தச் சட்டம் யார் காலத்தில் வந்தது? அதைத்தான் இன்று எழுத முற்படுகிறோம். அது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அது பிறந்தபோது டெல்லியில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் குல்சாரிலால் நந்தா.

நந்தாவா? நம் தோழர்கள் பலருக்கு இந்தப் பெயர் நெருஞ்சி முள்ளாகக் குத்தும் என்பதை அறிவோம். 1965ஆம் ஆண்டில் தமிழகத்து இளைஞர்கள் இந்தியை எதிர்த்து வீதிக்கு வந்தபோது இந்திய அரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர் அதே நந்தாதான். அந்த வடுவை நாம் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால், கணக்கு என்று எழுத உட்கார்ந்தால் பற்றும் எழுத வேண்டும், வரவும் எழுத வேண்டும். பற்றை மட்டும் எழுதி வரவை மறைக்கிறவனை வணிகன் என்று யாரும் சொல்லார்; வஞ்சகன் என்பர். உழைப்பாளியின் ஏட்டில் அந்த வஞ்சகம் கூடாது. ஆகவே அந்த மனிதரின் வாழ்க்கையை முழுதாகவே பார்ப்போம்.

1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், பஞ்சாபில் சியால்கோட்டில் பிறந்தவர் நந்தா. இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரிலும் ஆக்ராவிலும் அலகாபாத்திலும் படித்தார். படித்தவர்கள் பலர் அந்நாளில் கறுப்புக் கோட்டைத் தேடினர். அல்லது கலெக்டர் நாற்காலியைத் தேடினர். இவரோ அலகாபாத் பல்கலைக் கழகத்தில் தொழிலாளர் பிரச்சினையை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1921இல் பம்பாய் தேசியக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டில் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, 1922இல், பேராசிரியர் ஆலைத் தெருவுக்கு வந்தார். அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஆனார். அனசூயா சாராபாய் என்ற அம்மையார், ஆலை முதலாளி வீட்டில் பிறந்து ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றவர். அவரும் காந்தியாரும் சேர்ந்து உருவாக்கிய சங்கம் அது. 1922 முதல் 1946 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், நந்தாவின் இளமை அந்தச் சங்கத்தின் அலுவலகத்திலேயே கழிந்தது.

அங்கே அவர் கற்றது என்ன? 1923இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது தோல்வியில் முடிந்தது. தோல்வியைக் கண்டு ஓடுகிறவர் உண்டு. தோல்வியிலிருந்து கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிறவர் உண்டு. நந்தா இரண்டாம் வகை. ஒரு நெசவாளியின் குடும்பம் மாதம் எத்தனை சேர் தானியம் உண்கிறது, எத்தனை கெசம் துணி உடுத்துகிறது, வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை நடுவர் முன்னே வைத்து வாதாடுவது அந்தச் சங்கத்தின் முறை. முழக்கத்தைவிடக் கணக்குக்கு வலிவு அதிகம் என்று நம்பியவர்கள் அவர்கள். அந்த வழி முழுவதும் சரியென்று நாம் கூறமாட்டோம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம் என்ற பேச்சு, பசித்தவனைத் தாலாட்டித் தூங்கவைக்கும் பேச்சாகிவிடுவதும் உண்டு. ஆயினும், தொழிலாளியின் பக்கம் நின்று கணக்கெழுதப் படித்தவர் ஒருவர் வந்தாரே, அது சிறிய செய்தி அல்ல.

1932இல் சிறை சென்றார். 1942இல் மீண்டும் சிறை. 1944 வரை உள்ளே இருந்தார். இடையே 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் பம்பாய் மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சர் ஆனார். அவர் காலத்திலேயே பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம் வந்தது. சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கி, அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கே இடம் கொடுத்து, வேலைநிறுத்த உரிமைக்குக் கடிவாளம் போட்ட சட்டம் அது என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நந்தா தொழிலாளிக்கு நன்மை செய்ய விரும்பினார்; ஆனால் அந்த நன்மை தம் கை வழியாகவே போகவேண்டும் என்றும் விரும்பினார்!

1950இல் திட்டக் குழுவின் துணைத் தலைவராக டெல்லி சென்றார். 1951இல் அமைச்சர். 1957இல் தொழிலாளர், வேலைவாய்ப்பு, திட்டம் ஆகிய துறைகள் அவரிடம் வந்தன. அந்த நாற்காலியில் அவருக்கு முன்னே அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் வி. வி. கிரி. வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசே குறைத்தது பொறாமல் 1954இல் பதவியை உதறியவர் அவர். அவ்வளவு பெருமை பெற்ற நாற்காலி அது.

1957 ஜூலையில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன என்று அங்கேதான் வரையறுத்தனர். உழைப்பவன் ஒருவனின் குடும்பத்தை மூன்று ஆள் கணக்காகக் கொள்ள வேண்டும். ஆளுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெசம் துணி வேண்டும். வீட்டு வாடகை வேண்டும். விறகு, விளக்கு, பிற செலவுக்காக மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20 பங்கு வேண்டும் என்று தீர்மானித்தனர். அகமதாபாத்தில் நெசவாளி வீட்டு அடுப்படியில் எடுத்த கணக்கு டெல்லி மாநாட்டு மண்டபத்தில் வந்து நின்றதல்லவா! அந்தத் தீர்மானம் எல்லா இடத்திலும் கூலியாக மாறவில்லை என்பது வேறு. தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சங்கத் தோழர்கள் கூலிப் பேச்சு மேசையில் எடுத்து வைத்த கணக்கு அதுதான்.

இனி நம் ஓட்டுநரிடம் வருவோம்.

அந்த நாளில் மோட்டார் தொழிலாளியின் நிலை எப்படி? ஆலைத் தொழிலாளிக்கு ஆலைச் சட்டம் இருந்தது; நாலு சுவருக்குள் வேலை, வாசலில் சங்கு, சுவரில் கடிகாரம். ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்க்க முடியும். பஸ் ஓட்டுநருக்கு ஏது சுவர்? ஏது சங்கு? விடியலில் வண்டியை எடுத்தவன் எந்த ஊரில் எந்த நேரத்தில் இறங்குகிறான் என்று யார் எண்ணுவது? 1939இன் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி, 5 மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று அது சொல்லிற்று. ஆனால் அது சாலைக்காக எழுதிய சட்டம். சாலையில் உழைப்பவனுக்காக எழுதியதல்ல. அவன் எங்கே உறங்குவான், மழையில் எதைப் போர்த்துவான், நோய் வந்தால் யார் பார்ப்பது, ஆண்டில் எத்தனை நாள் விடுப்பு என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

உலகம் இதைப்பற்றி முன்பே பேசியிருந்தது. 1939 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, சாலைப் போக்குவரத்துத் தொழிலாளரின் வேலை நேரம் பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி; தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது; ஒரு நாளில் 12 மணி நேரம் இடைவிடாத ஓய்வு. வண்டி ஓடும் நேரம் மட்டுமல்ல, அதைச் சார்ந்த வேலையும் வேலைதான் என்று வகுத்தது அந்த உடன்படிக்கை. மூன்று திங்களுக்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டது. லாரிகளெல்லாம் போர்முனைக்குப் போயின. உடன்படிக்கை அலமாரிக்குப் போயிற்று.

அந்த எண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டி இந்தியச் சட்டமாக்கிய ஆண்டு 1961. மே 20ஆம் நாள் அது சட்டமாயிற்று. நந்தா ஒருவரே அதைச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. மாநிலந்தோறும் மோட்டார் தொழிலாளர் சங்கங்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட பின்னர் வந்த சட்டம் அது. கேட்பவன் கேட்டாலும், கேட்கும் காதுள்ளவன் அந்த நாற்காலியில் இருக்கவேண்டும் அல்லவா? அந்தக் காது நந்தாவுக்கு இருந்தது.

என்ன தந்தது அந்தச் சட்டம்? குரங்கணிப் பாதையில் வைத்தே பார்ப்போம்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த மோட்டார் நிறுவனமும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. நாளுக்கு 8 மணி. வாரத்துக்கு 48 மணி. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. காலையில் தொடங்கி இரவில் முடியும்வரை, இடை ஓய்வையும் சேர்த்து, 12 மணிக்கு மேல் இழுக்கக்கூடாது. ஒரு நாள் வேலையை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக்கூடாது. இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்க 9 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. இரவில் வண்டி தங்கும் இடத்தில் ஓய்வறை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உணவகம். வண்டிதோறும் முதலுதவிப் பெட்டி. சீருடை, மழைக்கும் குளிருக்கும் மேலாடை.

மேலாடை என்றதும் நகரத்துத் தோழர்கள் சிரிக்கலாம். மார்கழி விடியலில் மலைச்சாரலில் முதல் வண்டியை எடுக்கிறவனைக் கேளுங்கள். விரல் மரத்துப்போனால் கியர் விழாது என்பதை அவன் சொல்வான்!

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. வேலை நேரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வகுத்ததே, அது. வண்டி ஓடுகிற நேரம் வேலை. வண்டியைப் பொறுப்பேற்பதும், கொட்டகையில் விடுவதும், பழுது பார்ப்பதும், கணக்கு எழுதுவதும், பணம் கட்டுவதும், ஏட்டில் கையொப்பமிடுவதும் வேலை. கடைசி நிறுத்தத்தில் கால் மணிக்குக் குறைவாகக் காத்திருப்பதும் வேலை. இப்போது சொல்லுங்கள்: குரங்கணியில் கண்ணாடியைத் துடைத்தாரே ஓட்டுநர், சில்லறையை எண்ணினாரே கண்டக்டர், அந்த நிமிடங்கள் யாருடையவை? சட்டப்படி அவை கூலிக்குரிய நிமிடங்கள். அவற்றைக் கணக்கில் சேர்க்காதவன் அவர்கள் பையிலிருந்து எடுக்கிறான்.

குறைகளும் இருந்தன. ஜெனீவா 12 மணி ஓய்வு என்றது. டெல்லி 9 மணிதான் தந்தது. நெடுந்தூர வழிக்கும் திருவிழாக் காலத்துக்கும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று விலக்கு வைத்தது. சட்டத்தை மீறிய முதலாளிக்கு மூன்று மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் என்றது. சிறைக்குப் போன முதலாளியை யார் கண்டது? 500 ரூபாய், பஸ் முதலாளிக்கு ஒரு நல்ல நாளின் வசூலில் ஒரு மூலை! விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களுக்கு விடப்பட்டது. நம் மாநிலத்தில் அந்த விதிகள் 1965இல்தான் வந்தன. சட்டம் டெல்லியில் பிறந்து, சென்னை வந்து சேர நாலு ஆண்டு! போடிமெட்டில் ஏறும் பழைய லாரிகூட அத்தனை மெதுவாக ஏறாது.

1965 என்று எழுதும்போதே பேனா ஒரு கணம் நிற்கிறது.

1963இல் நந்தா உள்துறைக்கு மாறினார். நேரு மறைந்த 1964 மே 27ஆம் நாளிலிருந்து பதின்மூன்று நாட்கள் இடைக்காலப் பிரதமர். சாஸ்திரி மறைந்த 1966 ஜனவரியிலும் அவ்வாறே. இருமுறை உச்சிக்கு ஏறி, இருமுறையும் பிறருக்கு வழிவிட்டு இறங்கியவர். அது அவரது பண்பைக் காட்டும். ஆனால் உள்துறை நாற்காலி அவரது மறுபக்கத்தையும் காட்டிற்று. 1964 ஜனவரி 25இல் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி தன்னைத் தானே எரித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சென்னையில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் நெருப்பில் வெந்தனர். மதுரையில் மாணவர்கள் தாக்கப்பட்டனர். பல ஊர்களில் துப்பாக்கி வெடித்தது. சுட்டது மாநில அரசின் காவல்துறை. அதற்குத் துணைநின்றது டெல்லி. பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறக்க முன்வந்தனர். உள்துறை அமைச்சரோ பதவியிலேயே இருந்தார்.

நெசவாளி வீட்டில் எத்தனை கெசம் துணி என்று கணக்கெடுத்தவருக்கு, தமிழன் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது தெரியாமல் போயிற்றே! அதுதான் நமது வழக்கு. வயிற்றின் குரலைக் கேட்ட காது, வாயின் குரலைக் கேட்கவில்லை. மோட்டார் தொழிலாளிக்கான விதிகள் தமிழ்நாட்டுக்கு வந்த அதே ஆண்டில்தான் மோட்டார் தொழிலாளியின் மகன் தடியடி பட்டான். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. இரண்டையும் எழுதுகிறோம்.

பகுத்தறிவாளர்க்கு இன்னொரு பாடமும் அவர் வாழ்விலே உண்டு. நந்தா சாமியார்களிடம் பெரும் பற்றுக் கொண்டவர். 1956இல் பாரத சாது சமாஜம் என்று துறவிகளுக்கு ஓர் அமைப்பு உருவாக முன்னின்றவர். நாட்டைச் சீர்திருத்தக் காவியுடை பயன்படும் என்று நம்பினார். 1966 நவம்பர் 7ஆம் நாள், பசுவதைத் தடைச் சட்டம் கேட்டுச் சாதுக்கள் திரண்டு நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டனர். தீவைப்பு, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. அதன் விளைவாக உள்துறையை இழந்தவர் யார்? அதே நந்தா! தொழிலாளியை நம்பி நின்ற நாளில் அவர் தோற்றாலும் தலைநிமிர்ந்து நின்றார். சாமியாரை நம்பி நின்ற நாளில் பதவியும் போயிற்று.

பின்னர் 1970இல் சில காலம் ரயில்வே அமைச்சர். அதன்பின் மெல்ல மெல்ல அரசியலைவிட்டு விலகினார். இருமுறை பிரதமர் நாற்காலியில் அமர்ந்தவர் முதுமையில் வாடகை வீட்டில் வாழ்ந்தார், சொத்துச் சேர்க்கவில்லை. 1997இல் பாரத ரத்னா விருது அளித்தனர். 1998 ஜனவரி 15ஆம் நாள், தாம் தொழிலாளர் தொண்டைத் தொடங்கிய அதே அகமதாபாத்தில், தொண்ணூற்று ஒன்பதாம் வயதில் மறைந்தார். பொதுப்பணத்தில் கை வைக்காதவர் என்று மாற்றாரும் ஒப்புக்கொள்ளும்படி வாழ்ந்து முடித்தார்.

அவர் மறைந்தார், அவர் காலத்துச் சட்டம் என்ன ஆயிற்று?

1972இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றி, தனியார் பஸ்கள் பல அரசுடைமை ஆயின. ஓட்டுநர் அரசு நிறுவனத்தின் ஊழியர் ஆனார். 1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது, ஓட்டுநரின் வேலை நேரம் 1961இன் சட்டப்படியே என்று அதிலும் எழுதினர். ஆனால் 2020இல் நாடாளுமன்றம் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமை பற்றிய தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றி, அதற்குள் 1961இன் சட்டத்தைக் கரைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

அதில் எட்டு மணி நேரம் இருக்கிறது. சார்ந்த வேலையும் வேலை என்ற வரையறை இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஓர் எண் மாறியிருக்கிறது, தோழர்களே! ஐந்து என்றிருந்த இடத்தில் பத்து என்று இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் மோட்டார் நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வரும். இரண்டு மினி பஸ் வைத்திருக்கும் முதலாளியிடம் எத்தனை பேர் வேலை செய்வர்? ஆறு பேர், எட்டுப் பேர். நேற்றுவரை அவர்கள் வேலிக்கு உள்ளே. இன்று வேலிக்கு வெளியே! ஐந்துக்கும் குறைந்த ஆள் உள்ள இடத்துக்கும் சட்டத்தை நீட்டலாம் என்று மாநில அரசுக்கு 1961இன் சட்டம் அதிகாரம் தந்திருந்தது. அரை மணி ஓய்வும் பன்னிரண்டு மணி எல்லையும் சட்டத்தின் வாசகமாகவே அன்று இருந்தன. இப்போது அரசின் அறிவிக்கைக்கு விடப்பட்டிருக்கின்றன. சட்டத்தை மாற்ற மன்றம் கூட வேண்டும். அறிவிக்கையை மாற்ற ஒரு மேசை போதும்.

அடிபட்ட சட்டையின் கதையையும் மறந்துவிடவில்லை. அரசுக் கழகத்து ஓட்டுநரைப் பணியில் தாக்கினால், பொது ஊழியரைத் தாக்கிய குற்றம் என்று வழக்குப் போட இடம் உண்டு. தனியார் மினி பஸ் ஓட்டுநருக்கும், விடியலில் பெண்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநருக்கும் அந்தக் கவசம் இல்லை. அவர்கள் மீது விழும் அடி தெருச் சண்டைக் கணக்கில்தான் போகும். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்க 1992இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. கண்ணாடியை உடைத்தால் தனிச் சட்டம் உண்டு. கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் கண்ணுக்கு?

தொழிலாளர் நலம் அரசியல் சட்டத்தில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் அதில் சட்டம் செய்யலாம். டெல்லிச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவேண்டும். அந்த வழி திறந்தே இருக்கிறது. பத்தை மீண்டும் ஐந்தாக்கு. ஓய்வு நேரத்தைச் சட்டத்திலேயே எழுது. அரசு வண்டியாயினும் தனியார் வண்டியாயினும் ஓட்டுபவன் மீது கை வைப்பது தனிக் குற்றமாகட்டும். இந்த மூன்றையும் கோட்டை நோக்கிக் கேட்க வேண்டியது தொழிற்சங்கத் தோழர்களின் கடமை. ஆளுகிறவர் யாராயினும் கேட்க வேண்டும். நம்மவராயின் உரத்துக் கேட்க வேண்டும்!

கேட்பதோடு இன்னொன்றும் செய்யவேண்டும். ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். வண்டியைப் பொறுப்பேற்ற நேரம், விட்ட நேரம், துடைத்த நேரம், காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் நாள்தோறும் எழுதட்டும். கணக்கில்லாதவன் வழக்குத் தோற்பான். அகமதாபாத் தெருவில் நந்தா கற்ற பாடம் அது. அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் நமக்கு இழுக்கு ஏதுமில்லை.

அன்று மாலை குரங்கணியிலிருந்து அதே வண்டியில்தான் திரும்பினோம். மலை இருண்டுவிட்டது. கொட்டகுடி ஆற்றின் ஓசை மட்டும் கேட்டது. கண்டக்டர் கடைசிச் சீட்டைக் கிழித்துவிட்டு முன் இருக்கையில் வந்து அமர்ந்து, ஓட்டுநரோடு ஏதோ பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக் கதை, பிள்ளையின் படிப்பு. வேறொன்றுமில்லை, ஓட்டுநர் அன்று விடியலில் வண்டி எடுத்தவர், கண் அயராமல் இருக்கவே அந்தப் பேச்சு என்பதை நாம் பிறகுதான் உணர்ந்தோம். ஒரு தொழிலாளி விழித்திருக்க இன்னொரு தொழிலாளி துணையிருக்கிறான். சட்டம் செய்ய வேண்டிய வேலையை அந்த மலைப்பாதையில் நட்பு செய்துகொண்டிருந்தது.